பெயின்டுக்கு லட்சம், ஸ்பிரிங் கருவிக்குப் பஞ்சமா?

ஐம்பது வயதைத் தாண்டிய காருக்கு இப்போது அரசாங்கத்திலேயே தனி மரியாதை. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவைக் கொண்டுவந்தது. முதன்முதலில் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. எண் பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பக்கத்தில் ‘வி.ஏ.’ என்று வரும். சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1961 முதல் தயாரித்த ஹெரால்டுகளில் பெரும்பாலானவை இந்த வயதை எப்போதோ கடந்துவிட்டன. பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் 1974-ல் ‘பத்மினி’ என்று பெயர் சூட்டி அனுப்பிய முதல் கார்களும் இப்போது வரிசையில் வந்து நிற்கின்றன.

எண் பலகை எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும், கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது என்பது வரை விதி எல்லாவற்றையும் சொல்கிறது. அந்தக் கார் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றப்படும் பட்டறையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அமைச்சகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பதிவு விதியில் பட்டறைக்கு இடம் இருக்காதுதான். வேறு எந்த ஏட்டிலும் அதற்கு இடம் இல்லை என்பதே சிக்கல்.

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகப் போனால் பேரிகை. அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் மாலூர். வாடிக்கையாளரிடம் கன்னடம், உதவிப் பையனிடம் தெலுங்கு, உதிரிபாகக் கடைக்காரரிடம் தமிழ் என்று ஒரே பட்டறையில் மூன்று மொழியில் வேலை நடக்கிற எல்லை. ரோஜாவும் தக்காளியும் விளைகிற அதே மண்ணில்தான் 1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்டின் ஆலை, அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட். கேப்ரியல் நிறுவனத்துக்கும் ஓசூரில் ஷாக் அப்சார்பர் ஆலை இருக்கிறது. அதாவது, வண்டியின் குலுக்கலை அடக்கும் பொருளைச் செய்து நாடு முழுக்க அனுப்புகிற ஊர் இது.

முறையான ஆலை என்றால் ஸ்பிரிங்கை அமுக்குவதற்கு இயந்திரம் இருக்கும். இயந்திரத்துக்கு முன்னால் தடுப்பு இருக்கும். தடுப்பை மூடாமல் அது அசையாது. அந்த ஆலையின் வாசலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தகரக் கூரை போட்ட பட்டறையில் அதே ஸ்பிரிங்கைக் கழற்ற ஒரு ஜாக்கி, ஒரு சுத்தியல், ஒரு முழம் கட்டுக்கம்பி, கூடவே ஒரு பையன். இந்த இடைவெளிக்குப் பட்டறைக்காரர் மட்டும் காரணம் இல்லை. முதல் காரணம் காரின் உரிமையாளர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பட்டறைக்கு ஒரு பழைய பத்மினி வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் பெங்களூருக்காரர். எந்த நிறம், எத்தனை கோட்டு, பம்பருக்குக் குரோம் எங்கே போடுவது என்று அரை மணி நேரம் பேசுகிறார். கிளம்பும்போதுதான் நினைவு வருகிறது. “அண்ணா, மேடு பள்ளத்துல முன்னாடி டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வருது. அதையும் கொஞ்சம் பாத்துடுங்க.” மெக்கானிக் தலையாட்டுகிறார். “புஷ் போயிருக்கும் சார். ஆர்மை இறக்கணும்.” உரையாடல் முடிந்தது. அந்த ஒரு வரிக்குள் இருக்கும் ஆபத்தை இருவரில் ஒருவராவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

பத்மினியின் முன்பக்கம் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், அமுங்கிய நிலையில் ஒரு காயில் ஸ்பிரிங். வண்டியை ஜாக்கியில் தூக்கி சக்கரம் தொங்கினாலும் ஸ்பிரிங் முழுதாக விரிந்துவிடாது. மிச்ச அமுக்கம் உள்ளேயே இருக்கும். பார்ப்பதற்கு அது சும்மா நிற்கும் இரும்பு. பேட்டரி வயரைப் போல அதை அவிழ்த்து வைக்க முடியாது, இன்ஜினைப் போல அணைக்கவும் முடியாது.

ஒரு கணக்கு. சுமார் 400 கிலோ விசையில் 10 செ.மீ. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்குக்குள் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 200 ஜூல். 25 கிலோ அரிசிச் சிப்பம் மேசை உயரத்திலிருந்து பாதத்தில் விழுந்தால் இருக்கிற அளவு. சிப்பமாவது நேராகக் கீழேதான் விழும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு கிலோ எடையுள்ள ஸ்பிரிங் அந்த ஆற்றலை முழுக்க வேகமாக மாற்றிக்கொண்டால் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் கிளம்பும். குனிந்து வேலை செய்கிறவரின் தாடைக்கும் அதற்கும் நடுவே இருப்பது ஒரு முழம்கூட இல்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இழுப்புக்கும் விசைக்கும் உள்ள நேர் விகிதத்தை ராபர்ட் ஹூக் 1678-லேயே அச்சில் சொல்லிவிட்டார், அதிலிருந்து வரும் கணக்குப்படி, அமுக்கம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ‘இன்னும் ரெண்டு சுத்து இறுக்கு’ என்கிறபோது ஏறுவது இரண்டு சுற்று அளவு ஆபத்து மட்டும் அல்ல.

சரியான முறை ராணுவ ரகசியம் அல்ல. தேர்ந்த மெக்கானிக்குகள் பல ஆண்டுகளாகச் செய்வதுதான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது. இரண்டாவதாக ஒரு ட்ராலி ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரப் பக்கமாக வைத்து, ஆர்ம் லேசாக ஏறும் வரை தூக்க வேண்டும். சில வண்டிகளில் ஆர்ம் மேலும் கீழே இறங்காமல் பிடித்திருப்பதே ஷாக் அப்சார்பர்தான். அதனால் ஜாக்கி தாங்கிய பிறகே அதன் போல்ட்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும். பால் ஜாயின்ட் நட்டைத் தளர்த்தலாம். முழுக்கக் கழற்றக் கூடாது. நாலைந்து மரை மிச்சம் இருக்கட்டும். டேப்பர் விடுபடும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியில் நட்டு அங்கே இருந்தால் ஆர்ம் ஒரு விரற்கடை இறங்கி நின்றுவிடும். இல்லாவிட்டால் நிற்காது.

பிறகு ஸ்பிரிங் கம்ப்ரஸர். இதில் வகைகள் உண்டு. கொக்கி மாட்டிய இரண்டு மரைத் தண்டுகளை ஸ்பிரிங்கின் வெளியே எதிரெதிராக வைத்து இறுக்குவது ஒன்று. ஷாக் அப்சார்பரை எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கின் நடுவே ஒரே தண்டை விட்டு மேலும் கீழும் தட்டு மாட்டுவது இன்னொன்று. மேசையிலோ சுவரிலோ பொருத்தி, ஸ்பிரிங்கைத் தொட்டிலில் வைத்து அமுக்குவது மூன்றாவது. விலையும் அதிகம், பாதுகாப்பும் அதிகம். கொக்கி வகைதான் எங்கும் கிடைப்பது. அதில் தவறு செய்ய வழிகளும் நிறைய. இரண்டு தண்டையும் மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் ஸ்பிரிங் வாழைக்காய் போல வளைந்து கொக்கி நழுவும். மரைக்குக் கிரீஸ் பூச வேண்டும். கையால்தான் இறுக்க வேண்டும். இம்பாக்ட் கன் வைத்தால் மரை சூடாகித் தேய்ந்துவிடும். கொக்கியில் பூட்டு ஊசி இருந்தால் அதைப் போடாமல் இறுக்கக் கூடாது. ஸ்பிரிங்கின் இரு முனைக்கும் நேராக முகமோ வயிறோ இருக்கக் கூடாது. அமுக்கிய ஸ்பிரிங்கை மூலையில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. பலரும் செய்வது இதைத்தான்.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் இடத்தில் மட்டும் வரும் ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கீழ் ஆர்முக்கு ஜாக்கி வைத்தால் ஸ்பிரிங் அமுங்குகிறதே, அது எதனால்? மேலே இன்ஜினும் பாடியும் அழுத்துவதால். முழுப் புதுப்பிப்பு வேலையில் முதலில் வெளியே போவது இன்ஜின்தான். அதன் பிறகு பானெட், ஃபெண்டர், கிரில். கடைசியில் வெறும் சட்டத்தின் மேல் ஸ்பிரிங் மட்டும் முறுக்கோடு நிற்கும். இப்போது ஜாக்கியை ஏற்றினால் ஸ்பிரிங் அமுங்காது; வண்டிதான் ஸ்டாண்டை விட்டு எழும்பும். ஓடுகிற வண்டியில் இருபது வருடமாகப் பழகிய கை, இந்த வேறுபாட்டைத் தெரியாமலே பழைய வழியில் போகும். ஸ்பிரிங் வேலையை இன்ஜின் இறக்குவதற்கு முன்பே முடித்துவிடுவதே புத்திசாலித்தனம். முடியவில்லை என்றால் கம்ப்ரஸர் தவிர வேறு வழி இல்லை.

ஹெரால்டின் கதை வேறு. அதில் முன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே உருப்படி. மேலே வட்டமாக மூன்று நட்டு, கீழே ஒரு நீண்ட போல்ட். இவற்றைக் கழற்றினால் உருப்படி முழுசாகக் கையில் வந்துவிடும். ஸ்பிரிங் அதற்குள் சிறைப்பட்டே இருக்கும். ஆபத்து நான்காவது நட்டில். மூன்றுக்கும் நடுவே, கண்ணுக்கு நேராக, ‘என்னைக் கழற்று’ என்பது போல் ஒரு நட்டு நிற்கும். அந்தச் சிறையின் பூட்டு அதுதான். கம்ப்ரஸர் மாட்டாமல் அதைத் திருகினால் மேல் தட்டு, ரப்பர், ஸ்பிரிங் எல்லாம் ஒரே நொடியில் விடுதலை. வண்டலூரில் பிறந்த கார் என்பதால் தமிழ்நாட்டில் ஹெரால்டு வைத்திருப்போர் இன்றும் உண்டு. அதைத் திறக்கும் மெக்கானிக்குகளில் பலர் அது உற்பத்தியில் இருந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். மாருதி 800-ன் முன்பக்க ஸ்ட்ரட்டிலும் நடு நட்டு இதே வேலையைத்தான் செய்கிறது என்று சொன்னால் அவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். முதல் அம்பாசடர்களின் முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கே கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த டார்ஷன் பார்: நீளமான எஃகுத் தண்டு, முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். துள்ளிப் பறப்பதற்குப் பதிலாக ஆர்மை வாள் வீச்சு போல இறக்கும். ஜாக்கியால் தாங்கி, மெல்ல இறக்கி, முறுக்கு முழுக்க விட்ட பிறகே போல்ட்டை எடுக்க வேண்டும். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கிலும் ஒரு சூட்சுமம்: பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் இரு பக்கமும் சி-கிளாம்ப் போட்டுப் பிடித்து, பிறகு கிளாம்பை மெல்லத் தளர்த்த வேண்டும். லாரி பிளேட் வேலை செய்யும் பட்டறைகளில் இது பால பாடம். கார்ப் பட்டறைகளில்தான் ‘சின்ன பிளேட்டுதானே’ என்ற அலட்சியம்.

கட்டுக்கம்பிக்கு வருவோம். வண்டி தரையில் நிற்கும்போது, ஆளை ஏற்றி உட்காரவைத்து ஸ்பிரிங்கை அமுக்கி, சுற்றுகளுக்கு நடுவே கம்பியையோ சங்கிலியையோ கட்டிவிட்டு, பிறகு ஜாக்கி போட்டுத் தூக்குவது ஊர் ஊராக நடக்கும் முறை. இதைக் கேட்டு நகரத்து எழுத்தாளர்கள் சிரிப்பதுண்டு. சிரிக்க ஒன்றும் இல்லை. கருவி இல்லாத இடத்தில் மூளை கண்டுபிடித்த வழி அது. சங்கிலிக்கு வேலையும் உண்டு. கம்ப்ரஸர் மாட்டிய ஸ்பிரிங்கைச் சுற்றி, சேசிஸோடு சேர்த்து ஒரு சங்கிலியைத் தளர்வாகப் போட்டுவைத்தால், கொக்கி நழுவினாலும் ஸ்பிரிங் ஆளைத் தேடி வராது. இரண்டாவது காவலாகச் சங்கிலி உத்தமம். முதலும் கடைசியுமான காவலாகக் கட்டுக்கம்பி என்பது சூதாட்டம். கட்டிடக் கம்பி கட்டுவதற்காக வந்த அந்த மென்கம்பி நூற்றுக்கணக்கான கிலோ இழுவையைத் தாங்குவதற்கு ஆனதல்ல.

கடையில் கிடைக்கும் மரைத் தண்டை வெட்டித் தாமே கம்ப்ரஸர் செய்து கொள்வதும் நடக்கிறது. செய்யலாம், தண்டின் தரம் தெரிந்தால். தண்டில் 8.8 என்று குத்தியிருந்தால் அது சதுர மில்லிமீட்டருக்கு 640 நியூட்டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 4.6 தரம் என்றால் 240 தான். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளித் தண்டு. முத்திரை இல்லாத தண்டைக் கூரைத் தகடு மாட்டத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கேஸ் கட்டிங் வைத்து ஸ்பிரிங்கை அறுத்து எடுப்பதைப் பற்றி விவாதமே தேவையில்லை. முறுக்கில் இருக்கும் எஃகைச் சூடாக்கினால் எங்கே, எப்போது விட்டுக்கொடுக்கும் என்று நெருப்பைப் பிடித்திருப்பவருக்கே தெரியாது.

‘முப்பது வருஷமா இப்படித்தான் கழட்டறோம், ஒண்ணும் ஆகலை’ என்பது எல்லாப் பட்டறையிலும் கேட்கும் பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் அவர்கள் கழற்றிய பத்மினியின் ஸ்பிரிங்குக்குப் பத்து, இருபது வயது. இன்று அதே ஸ்பிரிங்குக்கு நாற்பது, ஐம்பது. மழையிலும் சேற்றிலும் பெயின்ட் உரிந்து, துரு புள்ளி புள்ளியாகத் தின்ற எஃகு அது. அந்தப் புள்ளியிலிருந்துதான் விரிசல் கிளம்பும். போதாததற்குப் பழைய நட்டுகள் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். அதிகப் பலம் கொடுத்து அடிக்க வேண்டிவரும். கைத்திறன் ஏறியிருக்கிறது, ஒப்புக்கொள்ளலாம். பொருளின் வயதும் கூடவே ஏறியிருக்கிறது.

அடைபட்ட விசையோடு வேலை செய்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலை 44-ல் இரவு பகலாக லாரி ஓடுகிறது. லாரியின் பார்க்கிங் பிரேக் சேம்பருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் விசை ஒரு டன்னை ஒட்டியது. திறக்காதே என்ற எச்சரிக்கை அதன் மூடியிலேயே இருக்கும். அதை அமுக்கிப் பூட்டுவதற்கென்றே ஒரு தனி போல்ட்டும் உண்டு. பல துண்டு ரிம் மாட்டிய லாரி டயருக்குக் காற்று அடிக்கும்போது லாக் ரிங் தெறித்து ஆள் சாவது உலகம் முழுக்க நடந்தது. அமெரிக்காவில் அதற்காக 1980-ல் தனி விதியே வந்தது: தடுப்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும், அடிப்பவருக்குப் பயிற்சி தர வேண்டும். லாரி உலகம் அடி வாங்கி இதைக் கற்றுக்கொண்டது. பழைய கார் உலகம் இன்னும் பொழுதுபோக்கு மனநிலையில் இருக்கிறது. பொழுதுபோக்கு உரிமையாளருக்கு, வேலை வேறொருவருக்கு என்பதை வசதியாக மறந்துவிடுகிறது.

சட்டம் என்ன செய்கிறது? 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் கண் பாதுகாப்புக்கென்றே ஒரு பிரிவு வைத்திருந்தது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர், பயன்படுத்தாத இடத்தில் இருபது பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. அதற்குப் பதிலாக 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த எண்ணிக்கையை இருபது, நாற்பது என்று இரட்டிப்பாக்கியது. ஒரு மேஸ்திரி, இரண்டு பையன்கள் இருக்கும் பேரிகைப் பட்டறை இரண்டு வலையிலும் விழாது. ஆய்வாளர் வர மாட்டார். வந்தாலும் பார்ப்பதற்கு ஏடு கிடையாது. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்து ஒரு நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவருக்கு விபத்துக்குப் பிறகு உதவித்தொகை கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். அதே வாரியம் விபத்துக்கு முன்பே ஒரு கண்ணாடியும் ஒரு கம்ப்ரஸரும் கொடுத்தால் செலவு குறைவு.

ஆய்வாளரை அனுப்பு, அபராதம் போடு என்று கேட்பதில் இக்கட்டுரைக்கு உடன்பாடு இல்லை. மூன்று பேர் பட்டறைக்கு ஆய்வாளர் போனால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த வேலையில் பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் பிடிக்க வேண்டும்.

பழைய காரைப் புதுப்பிக்கிறவர் ஏழை அல்ல. டிங்கரிங்குக்கும் பெயின்டுக்கும் லட்சக் கணக்கில் கொடுக்கிறார். பம்பர் குரோமுக்கு வெளியூர் போகிறார். இங்கிலாந்திலிருந்து ரப்பர் பீடிங் வரவழைக்கிறார். அதே ஆள் சஸ்பென்ஷன் வேலைக்கான பில்லைப் பார்த்ததும் ‘ஒரு புஷ் மாத்த இவ்வளவா?’ என்று கேட்கிறார். கொக்கி வகைக் கம்ப்ரஸர் சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் மாதம் ஒரு பழைய கார் வரும் பட்டறைக்கு அது முடங்கிய முதல். முறையாக ஸ்டாண்ட் வைத்து, கம்ப்ரஸர் மாட்டி, மாற்றி மாற்றி இறுக்கிக் கழற்றினால் ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆகும். அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரக் கூலியை யாரும் தருவதில்லை. ஆகவே பட்டறைக்காரர் தன் விரல்களைப் பணயம் வைத்து அந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறார். மிச்சம் உரிமையாளரின் பைக்குப் போகிறது. இதைப் பேரம் என்று சொல்லிப் பெருமைப்படுவது அசிங்கம்.

ஊர் அளவில் செய்யக் கூடியதும் இருக்கிறது. எல்லாப் பட்டறையும் தொட்டில் வகைக் கம்ப்ரஸர் வாங்க வேண்டியதில்லை. பாகலூர், பேரிகை, சூளகிரி வட்டாரத்துக்கு இரண்டு மூன்று இருந்தால் போதும், வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கான்கிரீட் கலவை இயந்திரத்தையும் சென்ட்ரிங் ஷீட்டையும் வாடகைக்கு விடத் தெரிந்த ஊருக்கு இது பெரிய காரியமா? ஓசூரின் சிறு, குறுந்தொழில் சங்கமான ஹோஸ்டியாவின் உறுப்பினர்களிடம் லேத்தும் மில்லிங்கும் வெப்பப் பதனமும் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஏற்றுமதித் தரத்தில் உதிரிபாகம் செய்கிறவர்களுக்கு, சோதித்து முத்திரையிட்ட ஒரு கம்ப்ரஸர் செய்து தருவது ஒரு வார வேலை. ஓசூர் அரசு ஐ.டி.ஐ. விடுமுறை நாளொன்றில் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு, ஒரு பழைய ஸ்பிரிங்கைக் கூண்டுக்குள் வைத்து அவிழ்த்துவிட்டுக் காட்டினால் நூறு சுவரொட்டிக்குச் சமம். அந்தச் சத்தத்தைக் கேட்ட பையன் அப்புறம் கட்டுக்கம்பியைத் தொட யோசிப்பான்.

கோவையில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கும் பங்கு உண்டு. பளபளக்கும் பாடியைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளப் பிள்ளைகள் வருகிறார்கள். அந்த வண்டியைக் கழற்றி மாட்டும் கருவிகள் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் அவற்றையும் பார்ப்பார்கள். பேரணி நடத்தும் சங்கங்கள் ‘சிறந்த பராமரிப்பு’ என்று பரிசு தருகின்றன. பரிசு வாங்க மேடை ஏறுவது உரிமையாளர். மெக்கானிக்கின் பெயரை ஒலிபெருக்கியில் ஒரு முறை சொன்னாலே பாதி வேலை முடியும்.

அதுவரை பொறுப்பு சாவியைக் கொடுக்கிறவருடையது. பழைய பத்மினியோ ஹெரால்டோ அம்பாசடரோ வைத்திருப்பவர்கள் அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது பெயின்ட் பற்றிப் பேசும் முன் மூன்று கேள்வி கேட்கட்டும்: அண்ணா, கம்ப்ரஸர் இருக்கா? ஸ்டாண்ட் எத்தனை இருக்கு? கழட்டும்போது பையனை எங்கே நிறுத்துவீங்க? இல்லை என்று பதில் வந்தால் கோபித்துக்கொண்டு வண்டியைத் திருப்ப வேண்டாம். ஒரு கம்ப்ரஸரும் இரண்டு ஜோடி கண்ணாடியும் வாங்கிப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கூடுதல் இரண்டு மணி நேரக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.